உப்பில்லாத சோறு

என் மகளுக்கு நாலு வயதில் சிறுநீரகக் கோளாறு வந்தது. காலையில் எழுந்தால் முகம் வீங்கிக் கண் திறக்காது. சென்னை ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பாட்டுல உப்பே கூடாது" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நாலு வயதுப் பிள்ளையின் நாக்குக்கு யார் எடுத்துச் சொல்வது?

முதல் வாயிலேயே துப்பினாள். "இது சோறே இல்ல" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். வாயைப் பிடித்து ஊட்டினால் மொத்தத்தையும் வாந்தி எடுத்தாள். பட்டினி போட்டால் மாத்திரையைத் தாங்கமாட்டாள், உப்புப் போட்டால் உடம்பு தாங்காது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நாங்கள் உப்புப் போட்டுத் தின்றுகொண்டு அவளை மட்டும் தண்டித்தால் எப்படிச் சாப்பிடுவாள்? உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். எல்லாருக்கும் ஒரே சமையல். சின்ன வெங்காயம், வறுத்த சீரகம், எலுமிச்சம்பழம் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பொழுதெல்லாம் தறி மிதித்து வேர்வையில் நனைந்து வருகிறவர். உப்பில்லாமல் அவருக்குச் சோறு இறங்குமா? ஆனாலும் அவள் எதிரில் உட்கார்ந்து, "சூப்பரா இருக்குதுமா" என்று முழுத் தட்டையும் காலி செய்வார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த மனிதரை அப்போதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பாவம் பார்த்து மகளுக்கு மிக்சர் கொடுத்துவிட்டாள். மறுநாள் முகம் பூசணிக்காய் போல ஆகிவிட்டது. தெருவே வேடிக்கை பார்க்க அந்த அக்காவிடம் சண்டை போட்டேன். மகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "பாரு, உப்பு தின்னா இப்படித்தான் வீங்கும்" என்றேன். அது அவள் மனதில் நன்றாகப் பதிந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தாள். கோயிலில் புளியோதரை நீட்டினால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு உப்பு ஆவாது" என்பாள். பார்த்தவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் எந்த மருந்தும் கேட்கவில்லை. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே பத்தியம் வேணாம்மா. கொழந்த ஆசப்பட்டத குடுங்க" என்றார். நல்ல செய்தி என்று நினைத்து என் வீட்டுக்காரர் அவரைக் கும்பிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பஸ் வாலாஜாபாத் வரும்வரை மகளை மடியிலிருந்து இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் யாரும் உப்புக் கொடுக்கமாட்டார்கள். ஆனாலும் கிண்ணத்தோடு போய் நின்றேன். எதிர்வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கிண்ணம் நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

தக்காளி ரசம் வைத்து, உருளைக்கிழங்கு வறுத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். நாக்கில் பட்டதுமே பயந்துபோய்த் துப்பினாள்.

"உப்பு போட்டுட்டியாமா? மூஞ்சி வீங்கிடும்மா."

"பரவால்ல, டாக்டரே சொல்லிட்டாரு. சாப்புடுமா."

"வேணாம்மா."

எவ்வளவு கெஞ்சியும் உதட்டைப் பிரிக்கவில்லை. எழுந்து போய், உப்பில்லாமல் வேறு சோறு பிசைந்து எடுத்து வந்தேன். தானாகவே வாயைத் திறந்தாள்.