மேலேயிருந்து குச்சி வரவில்லை

நான்கு வருடங்களுக்கு முன், கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. சிவில் டிப்ளமா முடித்து, ஒப்பந்ததாரரிடம் மேற்பார்வையாளராக நான் சேர்ந்த இரண்டாவது மாதம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தலையில் வெள்ளை ஹெல்மெட் ஏறியதும் யாரிடமும் நானாகப் போய்ப் பேசமாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கூலிக்கு வந்த பெண்கள், "வாம்மா, ஒரு வாய் துன்னலாம்" என்று கூப்பிடுவார்கள். பசியில்லை என்று சொல்லிவிட்டு, ஜல்லிக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்த் தனியாக டப்பாவைத் திறப்பேன்.

ஒரு வளைவில் பாதிச் சாலையை வெட்டிப்போட்டிருந்தோம். மீதியில் ஒரு வண்டிதான் போகமுடியும், ஓரத்தில் பள்ளம். கீழ்முனையில் நான், மேல்முனையில் கொடி பிடிக்கும் ஓர் அக்கா. ஒருவரையொருவர் பார்க்க முடியாது, போனில் சிக்னலும் இல்லை. அதனால் சிவப்புத் துணி கட்டிய ஒரே ஒரு குச்சி வைத்திருந்தோம். நான் அனுப்பும் கடைசி வண்டியில் அதைக் கொடுத்துவிடுவேன். அது கைக்கு வந்ததும் அக்கா மேலிருந்து வண்டிகளை விட்டு, கடைசி வண்டியில் குச்சியைத் திருப்பி அனுப்புவார். குச்சி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வண்டி விடலாம். முட்டி தேய்ந்து சுமை தூக்க முடியாமல் போன அக்காவுக்குத் தோதாக அமைந்த வேலை அது.

ஒருநாள் காலை, கடைசியாக பைக்கில் வந்தவரிடம் குச்சியைக் கொடுத்தேன். எதுவரை போகிறார் என்று கேட்கவில்லை. அவரோ பாதி வழியில் தன் மரவள்ளிக் கொல்லைக்குத் திரும்புகிறவர். அடுத்து வருகிறவர் எடுத்துப்போவார் என்று குச்சியை வேலியில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் மேலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. "இன்னா மேடம், எங்களை இங்கியே குடி வச்சிட்டியா?" என்றார் டவுன் பஸ் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அசந்து தூங்கியிருப்பார் என்று நானே முடிவுகட்டி, குச்சி இல்லாமலே வண்டிகளை விட்டேன்.

மேலே நடந்தது பிறகுதான் தெரிந்தது. அங்கேயும் அதே ஏச்சு. ஒரு லாரிக்காரர் வண்டியை உறுமவிட்டு நகர்த்தியதும், அக்கா சாலை நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"குச்சி வராம வுடமாட்டேன். ஏத்திக்கினு போ!"

நான் விட்ட பஸ் வளைவு தாண்டி மேலே வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லையாம். அந்த லாரி இறங்கியிருந்தால், பள்ளத்தின் ஓரத்தில் பஸ்ஸுக்கு நேர் எதிரே வந்து நின்றிருக்கும்.

மேலாளர் ஜீப்பில் வந்து இருவரையும் நிற்கவைத்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"மேலேயிருந்து குச்சி வரலை, சார்" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் எதுவரை போகிறார் என்று கேட்காமல் குச்சியைக் கொடுத்ததையும், அது இல்லாமலே வண்டி விட்டதையும் சொல்லாமல் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"எனுக்கு குச்சியே வர்லீங்க" என்றார் அக்கா.

"மேடம் சொல்றாங்க இல்ல? நீ பேசாத!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவரை ஜல்லிக்கூடை சுமக்க அனுப்பிவிட்டார்கள். நாலு எட்டுக்கு ஒருமுறை முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்கள் யாரும் அதன்பின் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது நானாகப் போய்ப் பேசத் தோன்றியது; பேச ஆள் இல்லை.

நாலாம் நாள் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "வுடும்மா, முடிஞ்சுபோச்சு" என்று போனைப் பார்த்தபடி சொன்னார். கொடிக்கு வேறு ஆள் போட்டாயிற்று. அக்காவிடம் போய், "சொல்லிட்டேங்க்கா" என்றேன்.

கூடையை இறக்காமலே, "அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா" என்றுவிட்டு நடந்தார்.

நம்ம வீட்டிலும் ஒருத்தி பேசினால் நாலு பேர் நம்பவேண்டும் என்றுதான், கரும்பு வெட்டப் போகும் என் அம்மா என்னைப் படிக்கவைத்தார். என் பேச்சு எடுபட்ட முதல் நாள், அது அம்மாவைப் போன்ற ஒருவரின் வாயைத்தான் அடைத்தது என்பதை அம்மாவிடம்கூட இதுவரை நான் சொன்னதில்லை.