கோடரியைக் கீழே வைத்த சுற்று

எனக்கும் என் மனைவிக்கும் பொதுவாக இருப்பது வாரத்தில் ஒரு ஞாயிறு மதியம். எனக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பகல் வேலை. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகங்களைப் பூட்டும் லைனில் நிற்கிறாள், ஷிஃப்ட் மாறி மாறி வரும். பாதி நாள், நாங்கள் குடியிருக்கும் படப்பையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் தன் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பாள். கையாட்டிக்கொள்வோம். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் பேசியதைவிடக் கையாட்டியதுதான் அதிகம் என்று எனக்கே எரிச்சலாக வரும்.

அந்த ஒரு மதியத்தையும் தூங்கித் தீர்த்துவிடக் கூடாது என்றுதான் விளையாட்டை ஆரம்பித்தேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் சாகசக் கதை. கதையையும் பூதத்தையும் நான் பார்த்துக்கொள்வேன். அவளும், மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலித் தம்பியும் வீரர்கள். ஆயுதத்தை வீசினால் பகடையை உருட்ட வேண்டும், விழும் எண் எதிரியின் உயிரிலிருந்து கழியும். விதிகள் எல்லாம் என் சொந்தச் சரக்கு.

சரக்கில்தான் கோளாறு. முதலில் கோடரிக்குப் பலத்தை அள்ளிக் கொடுத்தேன். இரண்டு பேரும் கோடரியையே எடுத்தார்கள், பூதம் வந்த வேகத்தில் செத்தது. கத்தியை ஏற்றினேன், கோடரியைச் சீண்ட ஆளில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனியில் என் வேலையே இதுதானே. லைனில் ஒருத்தருக்கு வேலை அதிகமாகவும் பக்கத்தில் இருப்பவருக்குக் குறைவாகவும் இருந்தால், ஸ்டாப்வாட்ச்சோடு போய் நின்று எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பேன். யார் கையாவது சும்மா தொங்கினால் அதை ‘ஐடில் டைம்’ என்று எழுதி, அந்த இடத்தில் ஒரு வேலையைச் செருகுவேன். அதே புத்தியோடு ஆயுதங்களுக்கும் கணக்குப் போட்டேன். கத்தி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாகக் காயப்படுத்தும். கோடரியை ஓங்கி இறக்க மூன்று சுற்று ஆகும், இறங்கினால் பலமாக இறங்கும். கூட்டிப் பார்த்தால் எதுவும் எதற்கும் குறைந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கணக்கோடு உட்கார்ந்த ஞாயிறு, கொஞ்ச நேரம் ஆடியதுமே அவள் பகடையைத் தள்ளிவிட்டாள். கீழே உருண்டு போனதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“எத்த எடுத்தாலும் ஒண்ணாத்தான் வருது. அப்புறம் இன்னாத்துக்கு எங்களக் கேக்குற?”

“அதுக்குப் பேருதான் பேலன்ஸ்.”

“லைன் மாரியே கீது. எங்க நின்னாலும் அதே.”

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மைனி சொல்லுதது சரிதாண்ணே. ஞாயித்துக்கிழமையும் கம்பெனிக்கு வந்த மாதிரி இருக்கு” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. “அப்ப நீயே ஒரு ரூல் சொல்லு” என்றேன் அவளிடம்.

அவள் யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாக வைத்திருந்த மாதிரி சொன்னாள்: “ஒருத்தர் ஆயுதத்தக் கீழ வெச்சிட்டா, அந்த ரவுண்டு அவங்கள யாரும் அடிக்கக் கூடாது.”

“எல்லாரும் கீழ வெச்சிட்டுக் குந்திகினு இருப்பாங்க. சண்டை எப்படி நடக்கும்? அது ஐடில் டைம்.”

வாயில் அப்படித்தான் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

“எங்க லைனுக்கும் உன்ன மாரி ஒருத்தன் வாட்ச்சோட வந்தான். ஒரு பீஸ முடிச்சிட்டு அடுத்தது வர்ற வரைக்கும் கைய உதறிப்பேன். அத எழுதிகினு போய்ட்டான். இப்ப அந்த நேரத்துக்கும் ஒரு ஸ்க்ரூ திருகக் குடுத்துட்டாங்க.”

குரலை உயர்த்தவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் மேஜைக்கு வரவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாரத்துக்கு இருந்த ஒரே மதியமும் போய்விட்டது என்று எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை என் லைனில் ஒரு பெண் பாகத்தைப் பொருத்திவிட்டு, அடுத்தது வருவதற்குள் உள்ளங்கையை யூனிஃபார்மில் தேய்த்துக்கொண்டு நின்றாள். நாலைந்து நொடி இருக்கும். என் கட்டைவிரல் வாட்ச்மேல் இருந்தது. எழுதினேன். நான் எழுதாவிட்டால் வேறொருத்தர் எழுதுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் செல்போனை எடுத்து அவள் விதியை அவள் சொன்னபடியே விதிகளில் சேர்த்தேன்.

அந்த வார ஞாயிறு, “உன் ரூலப் போட்டாச்சு, வந்து பாரு” என்று கூப்பிட்டேன். நம்பாமல்தான் வந்து உட்கார்ந்தாள்.

பூதம் குகையிலிருந்து வந்தது. முதல் சுற்றிலேயே அவள் கோடரியைக் கீழே வைத்தாள். தம்பி அவளைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான். அடுத்தது பூதத்தின் முறை, அதாவது என்னுடையது. வாரா வாரம் அடிவாங்கிய பூதத்துக்கும் அலுத்துத்தான் போயிருக்கும். தண்டாயுதத்தைக் கீழே வைத்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அப்புறம் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

“மைனி முறைதானே? எழுப்பவாண்ணே?” என்று தம்பி மெதுவாகக் கேட்டான்.

“வேணாம். ரவுண்டு முடியல.”

அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மாடிக்குப் போனான். தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரர் தாம்பரத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தூக்கத்திலும் அவள் கட்டைவிரல் அந்தப் பகடையை ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. என் கையை அதன்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் என் கைக்குள்ளேயும் திருகிவிட்டு நின்றது.

வெயில் இறங்கியபோது கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: “யாரு முறை?”

“உன்னுதுதான்.”

“அப்ப இன்னொரு ரவுண்டு கீழ வெச்சிக்கிறேன்.”

“வெச்சிக்கோ” என்றேன். மறுநாள் அவளுக்குக் காலை ஷிஃப்ட்.