சீசன் பார்த்து மாத்திரை சாப்பிட்டவர்

1. எண்ணெய்த் தலைகள்

தென்காசியில் எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்த முதல் நாள், வரிசையில் பாதிப் பேர் தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு நின்றார்கள். எச்.ஐ.வி.க்கும் நல்லெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"வீட்டுல குற்றாலத்துக்குக் குளிக்கப் போறதாச் சொல்லிட்டு வர்றாங்க சார். நீங்க மாத்திரையைக் குடுங்க" என்றார்.

குற்றால அருவி தீர்க்காத நோயே இல்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இந்த நோயைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அருவி இல்லாவிட்டால் பலர் மாத்திரை வாங்கவே வந்திருக்க மாட்டார்கள்.

2. தங்க வந்தவன்

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சளிக்காய்ச்சல் வைரஸ் சீசன் டூரிஸ்ட் மாதிரி. வரும், அசிங்கம் பண்ணும், போய்விடும். எச்.ஐ.வி. மாதிரி ரெட்ரோவைரஸ் தங்குவதற்கென்றே வருகிறது. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் மரபணுவுக்குள் செருகிவிடும். வாடகைக்கு வந்தவன் வீட்டுப் பத்திரத்தில் தன் பெயரை எழுதிக்கொள்வதுபோல, அதுவும் லஞ்சம் கொடுக்காமல். பிறகு அந்த செல்லே அதற்குப் பிள்ளைகள் பெற்றுத் தரும். எச்.ஐ.வி. தேர்ந்தெடுப்பது நம்மைக் காக்க வேண்டிய சி.டி.4 செல்லை. திருடன் குடியேற போலீஸ் ஸ்டேஷனைவிடப் பாதுகாப்பான இடம் ஏது?

மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். சில செல்களுக்குள் தூங்குகிறவனை அது வெளியேற்றாது. மாத்திரையை நிறுத்தினால் அவன் எழுந்துவிடுவான்.

3. சுரண்டை அண்ணாச்சி

சுரண்டையில் அண்ணனோடு சேர்ந்து மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருந்தார் ஒருவர். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். நோய் அவருக்கு மட்டும். மனைவி ஜெயாவுக்கு (இதுவும் மாற்றிய பெயர்தான்) விஷயம் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. ஜெயாவுக்குத் தொற்று இல்லை. மாதா மாதம் எண்ணெய்த் தலையோடு வந்தார். வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது.

"மாத்திரையை விடாமச் சாப்பிட்டா உங்க மூலமா அவங்களுக்குத் தொற்றாது. குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. அந்தப் பேச்சின் கடைசி மூன்று சொற்கள் மட்டும் அண்ணாச்சி காதில் விழுந்தன.

பங்குனியில் அவர் வரவில்லை. விதிப்படி போன் போட்டோம். அவர் கொடுத்திருந்த நம்பரில் செங்கோட்டைக் கோழிக்கடை ஒன்று எடுத்து, "முழுசா, வெட்டியா?" என்றது. 'தொடர்பில் இல்லாதவர்' என்று எழுதிக் கடமையை முடித்துக்கொண்டோம்.

ஆனியில் சாரல் விழுந்தது. அண்ணாச்சியும் வந்தார், எண்ணெயோடும் மனைவியோடும். ஜெயா முகம் மலர்ந்திருந்தது.

"இத்தனை மாசம் எங்க போனீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அருவியில தண்ணி இல்லல்லா" என்றார் அண்ணாச்சி. "குளிக்கப் போறேன்னுதான் கடைய விட்டுக் கெளம்புவேன். எங்கண்ணன், 'ஏலே, அங்க வெறும் பாறைதான் கெடக்காம், நீ எங்கன போய்க் குளிக்கே?'ன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல? அதான் ரிப்போர்ட்டுலயும் ஒண்ணுமில்லன்னு வந்துட்டே."

ஜெயா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்திலிருந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை.

"எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு டாக்டர். அதச் சொல்லத்தான் வந்தோம்." பிறகு அவரிடம், "அண்ணன் கேக்காருன்னு மாத்திரைய நிறுத்தினியளே, என்னைய ஒரு வார்த்தை கேட்டியளா?"

அண்ணாச்சி துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். குளிக்காத தலையை.

4. மரியாதையான நோய்

அவருடைய வைரல் லோட் பழையபடி ஏறியிருந்தது. ஜெயாவின் டெஸ்டில் தொற்று இல்லை. ஆனால் புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது. இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் நிச்சயமில்லை. மறுபடி தொடங்கிய மாத்திரையை இனி அவர் நிறுத்தவும் கூடாது.

அடுத்த மாதம் அண்ணாச்சி எண்ணெய் இல்லாமல் வந்தார்.

"வீட்டுல இவுகளுக்குச் சுகர்னு சொல்லிட்டேன் சார்" என்றாள் ஜெயா. "இவுக அண்ணனுக்கும் சுகர்லா? தம்பி கையப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. இப்ப மாசம் பொறந்தா, 'ஏலே, ஆஸ்பத்திரிக்குப் போகலியா?'ன்னு அவருதான் வெரட்டுதாரு."

எங்கள் ஊரில் சுகர் மரியாதையான நோய். நாற்பது வயதுக்கு மேல் ஒரு வியாபாரிக்கு அது இல்லையென்றால் வியாபாரம் சரியில்லை என்று அர்த்தம்.

"காப்பியில சீனி இல்ல, பாயசம் கண்ணுல காட்டமாட்டேங்கா" என்று அண்ணாச்சி என்னிடம் முறையிட்டார்.

"அனுபவிங்க" என்றாள் ஜெயா.

மறு டெஸ்டிலும், பிரசவத்துக்கு முன் எடுத்ததிலும் அவளுக்குத் தொற்று இல்லை. பெண் குழந்தை. வீட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்களாம், தகப்பனைத் தவிர.

மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று நோயாளியிடம் கேட்கச் சொல்கிறது விதி. கேளுங்கள். அப்படியே, வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தீர்கள், அது வருஷம் முழுக்கத் தாங்குமா என்றும் கேளுங்கள். தாங்காது என்றால், நல்லதாக ஒன்றை யோசித்துக் கொடுத்த பிறகு மாத்திரையைக் கொடுங்கள்.