சாட்சியில் வராதவர்கள்

சுங்குவார்சத்திரத்தில் ஹார்டுவேர் கடை மாடியில் தகரக் கூரை போட்ட ஜெப வீடு ஒன்று உண்டு. மாதத்தின் கடைசி ஞாயிறு அங்கே சாட்சி ஞாயிறு. ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை விசுவாசிகள் எழுந்து நின்று சொல்லும் நாள். ஒருத்திக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், ஒருவனுக்கு கான்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகியிருக்கும். எல்லாம் முடிந்தபின் பாஸ்டர் யாக்கோபு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம ரூத் சிஸ்டர்" என்பார். செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ரூத்துக்கு அந்த ஒரு நிமிடம் போதும். ஒரகடத்து கம்பெனியில் மாதமெல்லாம் கக்கூஸ் கழுவிய அலுப்பு அதிலேயே போய்விடும்.

அவள் சாட்சி சபைக்கே மனப்பாடம். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. பத்தொன்பது வயதில், பக்கத்து ஊர்க் கூட்டமொன்றில் ஆண்டவர் தன்னைக் கூப்பிட்டதாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்று நாம் சொல்கிறோம். அவளைக் கேட்டால் கூப்பிட்டார் என்றுதான் சொல்வாள், அதில் அவளை அசைக்க முடியாது. அப்பா அவளுடைய பைபிளைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தார். அந்தச் சாமியா, நானா என்று கேட்டார். அவள் உடுத்திய துணியோடு வெளியே நடந்தாள்.

"யாருமே இல்ல எனக்கு! கை நீட்ட ஒரு ஆளு இல்ல! கர்த்தர் ஒருத்தர்தான்!" என்று ரூத் கையை உயர்த்தும் இடத்தில் அல்லேலூயா கிளம்பும். தகரக் கூரை அதிரும். பாஸ்டர் மணியடித்து ஜெபத்துக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கே போனாள், என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்டதில்லை.

இப்படி ராஜாத்தி மாதிரி போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் வந்து சேர்ந்தாள் கனகலட்சுமி. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை. புருஷன் கண்ணப்பன், கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். ஒரு சாட்சி ஞாயிறு அன்று எவரும் எதிர்பாராமல் அவள் எழுந்தாள்.

"எங்க வூட்டுல தெரியாது," என்றாள். குரல் நடுங்கியது. "அவருகிட்ட கம்பெனியில ஓ.டி. வேலைன்னு பொய் சொல்லிட்டுத்தான் வர்றேன். அது தப்பு. தெரியுது. ஆனா வராம இருக்க முடியல. என்னைக் கூப்பிட்டுகினே கீறாரு."

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் பக்கம் மொத்தமும் மூக்கை உறிஞ்சியது. பாஸ்டருக்கே கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு நேரத்தைப் பார்த்தவர், ரூத் சிஸ்டரைக் கூப்பிட மறந்து ஜெபத்தை முடித்துவிட்டார்.

ரூத் வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிய வேகத்தில் கையை வெட்டிக்கொண்டாள். கட்டின புருஷனிடம் பொய் சொல்வதெல்லாம் ஒரு சாட்சியா? கிணற்றில் எறிந்த பைபிளுக்கு முன்னால் ஓ.டி. என்ன ஓ.டி.! முழங்கால் போட்டு ஆண்டவரிடமே நியாயம் கேட்டாள். "என்னப் பெத்தவரையே வுட்டுட்டு வந்தவ நான். இவ இன்னாத்த வுட்டா?" ஆண்டவர் பதில் சொல்லவில்லை. பொறாமைக்காரிக்கு அவர் பதில் சொல்லிப் பழக்கமில்லை போலும்.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி நேராக வீசும் இடம் ஒன்றுதான் உண்டு. ஹாஸ்டலில் இருக்கும் சில்வியா அதில் துண்டு போட்டு ரூத்துக்காகப் பிடித்து வைப்பாள். அன்று அங்கே கனகலட்சுமி உட்கார்ந்திருந்தாள். "பாவம்க்கா, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா வந்திருக்கா," என்றாள் சில்வியா. ரூத் சிரித்துக்கொண்டே சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவள் செய்ததை ஷிப்ட் வாழ்க்கை தெரிந்தவர்கள்தான் செய்ய முடியும். கனகலட்சுமியிடம் தேனொழுகப் பேசி, அடுத்த மாதம் எந்த ஞாயிறு அவளுக்குக் கட்டாய வேலை என்று கேட்டு வாங்கினாள். முதல் ஞாயிறு. நேரே பாஸ்டரிடம் போனாள்.

"ஐயா, முதல் ஞாயிறு திருவிருந்து இருக்குல்ல? சாட்சியையும் அன்னைக்கே வெச்சா நிறைவா இருக்கும்."

பாஸ்டர் வெள்ளை மனசுக்காரர். "நல்ல ஆலோசனை சிஸ்டர்," என்றார்.

அந்த முதல் ஞாயிறு காலையில் ரூத் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் மாடி ஏறினாள். விசிறிக்குக் கீழே கனகலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"வேலைன்னியேம்மா?"

"ரத்னாகிட்ட ஷிப்ட் மாத்திக்கினேன்க்கா. சாட்சி ஞாயிறு ஆச்சே, எப்படி வுடறது?"

நடந்தது இதுதான். அன்று பார்த்து கனகலட்சுமியின் கம்பெனி வேனுக்கு டிரைவர் லீவு. கண்ணப்பனை அனுப்பினார்கள். பெண்டாட்டி ஏறப்போகிற வேன் என்று அவன் முன்சீட்டைத் துணியால் துடைத்து வைத்துக் காத்திருந்தான். ரத்னாதான் ஏறினாள். "கனகா வரமாட்டாண்ணே. அவளுக்குப் பதிலா நான் போறேன். உன்கிட்ட சொல்லலியா?" என்றாள். அவளுக்கென்ன தெரியும்? எங்கே போயிருக்கிறாள் என்று அவன் கேட்டதற்கும் சொல்லிவிட்டாள்.

கனகலட்சுமி சாட்சி சொல்ல எழுந்தபோது கண்ணப்பன் வாசலில் நின்றான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தான்.

"ஓ.டி.ன்னியே கனகா. இதான் உன் கம்பெனியா?"

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க சார். இது எனக்கும் என் பொண்டாட்டிக்கும்," என்றான் அவன். பிறகு அவளைப் பார்த்தான். "இனிமே இங்க வரமாட்டேன்னு சொல்லு. இப்பவே சொல்லு. வூட்டுக்குப் போலாம்."

"பொய் சொன்னது தப்பு மாமா. அதுக்கு உன் கால்ல வுழச் சொன்னாலும் வுழறேன். வரமாட்டேன்னு மட்டும் சொல்ல முடியாது."

"அப்ப வூட்டுக்கு வராத."

அவன் படியிறங்கிப் போனான். ரூத்துக்கு அப்போது முதலில் தோன்றியது என்ன தெரியுமா? போச்சு, இனி இவள் சாட்சிதான் பெரிசு. அதற்குப் பிறகுதான் இரண்டாவது நினைப்பு வந்தது. சாட்சி ஞாயிறை மாற்றியது நான்தானே?

எல்லோரும் கனகலட்சுமியைச் சூழ்ந்து நின்று உருக்கமாக ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். சில்வியாவின் ஹாஸ்டலில் வெளியாள் கூடாது. பாஸ்டர் வீட்டில் மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருக்கிறார். ஜெபித்துக்கொள்கிறோம் என்றுதான் எல்லோராலும் சொல்ல முடிந்தது. ரூத்தும் சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விளக்குப் போடும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கைப்பையும் சாப்பாட்டுக் கூடையுமாக கனகலட்சுமி நின்றாள்.

"அக்கா, உங்க சாட்சியைக் கேட்டுத்தான் இன்னைக்கு எனக்கு வாய் வந்துச்சு. யாருமே இல்லாம நீங்க நின்னீங்க. நானும் நின்னுடுவேன்." தயங்கினாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். வூட்டை வுட்டு வந்தீங்களே, அன்னைக்கு ராத்திரி எங்க படுத்தீங்க?"

வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்ற வார்த்தை ரூத்தின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பதில் தானாக வந்தது.

"லூர்தம்மான்னு ஒரு அம்மா. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுல இட்லிக் கடை. அவங்க வூட்ல."

"அவங்க சாட்சியில வரலியேக்கா?"

"வரல."

வரவேண்டியவள்தான். மாதா படத்துக்குக் கீழே பாய் விரித்துக் கொடுத்து, அப்பா தேடி வந்தபோது கரண்டியோடு வாசலில் நின்று, வேலை கிடைக்கும்வரை ரூத்தை வைத்துக் காப்பாற்றியவள். முதல் முதலாகச் சாட்சி சொன்ன அன்று அவளைப் பற்றியும் சொல்லத்தான் ரூத் வாயைத் திறந்தாள். அதற்குள் அல்லேலூயா கிளம்பி மணியும் அடித்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து அந்த இடத்திலேயே நிறுத்துவது நன்றாக இருந்தது. மாதாவை வணங்காத இந்தச் சபையில் மாதா படக்காரி கதை எடுபடாது என்றும் ஒரு கணக்கு. ஒருமுறை வாலாஜாபாத்துக் கூட்டத்துக்கு லூர்தம்மாளே வந்து, கடைசியில் உட்கார்ந்து, தான் இல்லாத அந்தச் சாட்சியை முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் ரூத்தின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா பேசினடி," என்றாள். ரூத் அதைப் பாராட்டு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"உள்ள வா," என்றாள் கனகலட்சுமியிடம். "கை கழுவிகினு வந்து சாப்பிடு."

மறுவாரமே கண்ணப்பன் தெருமுனையில் வந்து நிற்க ஆரம்பித்தான். ரூத்தின் மாடி வீட்டுக்கு வரமாட்டான். ரூத்தே இறங்கிப் போனாள்.

"சாப்புட்றாளா?" என்று கேட்டான்.

"சாப்புட்றா. நீ சீட்டெல்லாம் தொடச்சு வெச்சிருந்தியாமே? ரத்னா கனகாகிட்ட சொல்லிட்டா."

அவன் முகம் கோணியது. "என்னைவிட அந்த ஆண்டவரு ஒசத்தியாப் பூட்டாருக்கா அவளுக்கு. அதான் தாங்கல."

"தாங்காதுப்பா," என்றாள் ரூத். "அந்த எரிச்சல் எனக்கும் தெரியும்." உபதேசம் எதுவும் செய்யவில்லை. பொறாமையைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

கடைசியில் அவனே வந்து அழைத்துப் போனான். ஞாயிறு அவள் ஜெப வீட்டுக்குப் போவாள், ஞாயிறு மட்டும் அவன் அவளோடு பேசமாட்டான் என்று ஆனது. பேசாத ஞாயிறுகளைப் பொறுத்துக்கொண்டு கனகலட்சுமி ஒரு வாரமும் தவறாமல் மாடி ஏறினாள். சாட்சி நாளை மாற்றிய விஷயத்தை ரூத் அவளிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொன்னாள், அதுவும் சுருக்கமாக.

அடுத்த சாட்சி ஞாயிறில் கனகலட்சுமி எழுந்தாள். இப்போது குரல் நடுங்கவில்லை. வாசலில் புருஷன் நின்றதைச் சொன்னாள், வீட்டுக்கு வராதே என்றதைச் சொன்னாள்.

"யாருமே இல்ல எனக்கு! கர்த்தர் ஒருத்தர்தான்!"

கூரை அதிர்ந்தது. கனகலட்சுமி மறுபடி வாயைத் திறந்தாள். அடுத்தது தன் பெயர்தான் என்று ரூத் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அல்லேலூயா அடங்கவில்லை. பாஸ்டர் மணியை அடித்தார்.

ரூத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பாயில் படுத்து, என் கையால் தின்றுவிட்டு, யாருமே இல்லையாமா? எழுந்து நின்று கத்திவிடலாம் போலிருந்தது. எல்லோரும் கண்மூடி ஜெபிக்க, அவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். லூர்தம்மாள் உட்கார்ந்திருந்ததும் இப்படித்தான், கடைசியில், சுவரோரம்.

ஆராதனை முடிந்ததும் கனகலட்சுமி முகமெல்லாம் வெளிச்சமாக ஓடிவந்தாள்.

"உங்களைப் பத்தி சொல்லத்தான்கா வந்தேன், அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. எப்படிக்கா பேசினேன்?"

ரூத் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நல்லா பேசினடி," என்றாள். "சாயங்காலம் வா, மீன் கொழம்பு வெச்சிருக்கேன்."