பத்தைத் தாண்டிய எறி

பாலக்கரை வஹீதாவுக்கு யாரும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கவில்லை. பி.காம். முடித்து அண்ணனின் செருப்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், கடை ஓய்ந்த மதியங்களில் வீடியோ பார்த்தே ஜாவாஸ்கிரிப்ட் கற்றாள். இப்போது உள்ளூர்ப் போட்டிகளுக்கு முடிவு சொல்லும் புரோகிராம்களை அவள்தான் எழுதித் தருகிறாள். சரிபார்க்காமல் எதையும் கொடுக்க மாட்டாள் என்று பெயர்.

அன்று ஸ்ரீரங்கத்து மைதானத்தில் பெண்களுக்கான குண்டு எறிதல். ஆளுக்கு மூன்று எறி. ஒவ்வொருத்திக்கும் ஒரு சிறு பட்டியல். அவை எல்லாம் ஒரு பெரிய பட்டியலுக்குள். ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணை எடுத்து ஒப்பிட்டால் முதலிடம் தெரிந்துவிடும். போட்டியை நடத்திய வெங்கட்ராகவன் சார் வழக்கம்போல மார்க் தாளை விரித்து, வரிக்கு வரி பெரிய எண்ணைப் பென்சிலால் சுழிக்கப் போனார்.

“அதெல்லாம் எதுக்கு சார்? பென்சிலைப் பையில வைங்க,” என்று வஹீதா சிரித்தாள். அவரும் வைத்துவிட்டார்.

திரையில் கமலினி முதலிடம், 9.91. கைதட்டல், பதக்கம். முதலிடம் பெற்றவள் மட்டும் சென்னைப் பயிற்சி முகாமுக்குப் போவாள்.

உப்பிலியபுரத்திலிருந்து வந்திருந்த பெலிண்டா மேசையருகே வந்தாள். அவள் பெயருக்கு நேரே 9.80.

“அக்கா, என் முதல் எறி பத்தைத் தாண்டுச்சே?”

“எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். உனக்குத் தெரிஞ்சது கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முகம் சிறுத்துப்போய் அந்தப் பெண் குழாயடிக்குக் கை கழுவப் போனாள்.

லேப்டாப்பை மூடுமுன் சும்மா பெலிண்டாவின் வரியைத் திறந்து பார்த்தாள் வஹீதா. 10.15, 9.42, 9.80.

சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கடைசியை எடுக்கும்படி எழுதியிருந்தாள். எண்ணாக ஒப்பிடு என்று சொல்லாவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் எண்களையும் எழுத்துப்போலத்தான் அடுக்கும். ஒன்றில் தொடங்குவதால் பத்து, ஒன்பதுக்கு முன்னால் போய் நின்றுவிடும். அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் விட்டிருந்தாள். சோதித்துப் பார்த்த எண்களெல்லாம் பத்துக்குக் கீழே. மைதானத்திலும் பத்தைத் தாண்டியவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் சரியாக வந்தது, நன்றாக எறிந்தவளுக்கு மட்டும் தப்பாகிவிட்டது.

காது மடல் சுட்டது. லேப்டாப்பை மூடிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததே இன்னும் கூசியது.

“சார், ஜெயிச்சது பெலிண்டா. தப்பு என்னோடது.”

சார் கமலினியைப் பார்த்தார். அவள் அம்மாவோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். “அந்தக் குழந்தைகிட்ட யாரும்மா சொல்றது?”

“நானே சொல்றேன் சார்.”

சொன்னாள். கமலினி பதக்கத்தைக் கழற்றினாள். நாடா பின்னலில் சிக்கியது. எடுத்துவிடப் போன வஹீதாவின் கையை அம்மா விலக்கினாள்.

“மைக்ல சொல்லித்தானே குடுத்தீங்க? மைக்லயே சொல்லுங்க.”

வஹீதா மைக்கை வாங்கினாள். “முதலிடம் பெலிண்டா. பத்து மீட்டர் பதினஞ்சு சென்டி. நான் எழுதினது தப்பு. அவ வந்து கேட்டப்பவும் நான் பார்க்கலை.”

பெலிண்டா ஈரக் கையோடு வந்து நின்றாள். பதக்கத்தைத் தொடவில்லை.

“இன்னொரு தடவை பார்த்துடுங்கக்கா,” என்றாள் மெதுவாக. “குடுத்துட்டுத் திருப்பிக் கேட்டா எங்கம்மா தாங்க மாட்டாங்க.”

வஹீதா அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், சாரிடம் கையை நீட்டினாள். “அந்தப் பென்சிலைக் குடுங்க சார்.”