கீழ் வரிசையில் ஒரு முகம்

இதை எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். சிரிக்கட்டும். நடந்தது எனக்கு. ஒரு வரிகூடச் சேர்த்துச் சொல்லவில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது பட்டப்பகலில், பஸ் ஸ்டாப்பில் நடந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். வீடு அரியலூரில். தபால் வழியில் எம்.ஏ. படித்தேன். மேற்கத்திய ஓவிய வரலாறு. எங்கள் தெருவில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "படம் வரையவா?" என்பார்கள். இல்லை, வரைந்த படத்தைப் படிக்க. "படத்துல படிக்க என்ன இருக்கு?" என்பார்கள். அதற்கு மேல் நான் பேசுவதில்லை.

படிப்பும் சும்மா இல்லை. ஒரு அசல் ஓவியத்தைக்கூட நான் நேரில் பார்த்தது கிடையாது. எல்லாம் ஐந்தங்குலச் செல்போனில். சர்ச் சுவர் அளவு பெரிய படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்து, அதில் ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பத்துப் பக்கம் எழுத வேண்டும். பாதியில் நெட் வராமல் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருக்கும்.

கடைசியில் ஒரு ஆய்வேடு கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. ஐநூறு அறுநூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் சர்ச்சுக்குப் படம் எழுதச் சொல்லிச் செலவு செய்தவரை, அந்தப் படத்திலேயே கீழ் ஓரத்தில் சின்னதாக வரைந்துவிடுவார்கள். நடுவில் மாதா பெரிதாக இருப்பார். கீழே இவர் மண்டியிட்டு, கைகூப்பி, மேலே பார்த்துக்கொண்டிருப்பார். நம் ஊர் கண்ணீர் அஞ்சலி பேனரும் அதேதானே? நடுவில் இறந்தவர் பெரிதாக. கீழே பேனர் வைத்தவர்களின் முகங்கள் ஸ்டாம்பு அளவில் வரிசையாக. பெயரோடு.

என் வழிகாட்டி அன்பழகன் சார் சென்னையில் இருந்தார். நேரில் பார்த்ததே இல்லை. சிக்னல் போதாமல் வீடியோ வகுப்பில் நான் கேமராவை அணைத்தே வைப்பதால் அவரும் என்னைப் பார்த்ததில்லை. ஆய்வேட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்.

"அங்க கீழ இருக்கறவங்க நடுவுல இருக்கறவரப் பாக்கறாங்க. உங்க பேனர்ல எல்லாரும் கேமராவப் பாக்கறாங்க. பார்வையே இல்ல, அப்புறம் என்ன ஒப்பீடு?"

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல். மூன்றாவது முறையும் திரும்பினால் பதிவு ரத்து. மூன்று வருடப் படிப்பு குப்பைக்குப் போகும். பள்ளியில், டிகிரி இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் பேனர் பைத்தியம் ஆனேன். பஸ்ஸில் போகும்போது எந்த ஊரில் யார் செத்தார்கள் என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். எல்லாம் ஆதார் போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ. எல்லாரும் நேராக முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு கல்யாணத்துக்கு உடையார்பாளையம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பேனர். தர்மராஜ், முந்திரி வியாபாரி. கீழே ஒன்பது பேர்.

இடமிருந்து மூன்றாவது, ஒரு அம்மா. பெயர் புஷ்பவல்லி.

அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தேகமே இல்லை. கருவிழி இரண்டும் மேலே ஏறி, தர்மராஜ் முகத்தையே பார்த்தன. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று படம் எடுத்தேன். அப்போது மத்தியானம் 2.40 என்று போனில் பதிவாகியிருக்கிறது.

பேனரின் மூலையில் அரியலூர் கடையின் நம்பர் இருந்தது. மறுநாளே போனேன். டிசைனர் பிரேம்குமார் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தான்.

புஷ்பவல்லி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இல்லை. பிரிண்ட் போட்டதைக் காட்டுங்க."

"இதான் டீச்சர் பிரிண்ட் போட்டது. ஆதார் போட்டோ. ஆதார்ல யாராச்சும் மேல பாப்பாங்களா?"

என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "வெயில்ல மை எறங்கியிருக்கும்" என்றான். மை இறங்கும். ஏறுமா? கோபத்தில் அவனிடம் கத்திவிட்டு வந்தேன். கிடைத்த ஒரே ஆதாரமும் இப்படிக் கையை விட்டுப் போகிறதே என்று ஆத்திரம்.

படத்தைப் பயன்படுத்த ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லி வீட்டுக்குப் போனேன். தர்மராஜின் தங்கை. வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நல்ல திடகாத்திரம். பேனர் படத்தைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"அண்ணன் கூப்புட்டுச்சும்மா. அதான் பாத்தேன்."

"எப்ப கூப்பிட்டார்?"

"தெனமும்தான் கூப்புடுது."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி கொட்டையை உடைக்க ஆரம்பித்தார். டக்… டக்… டக். துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே.

பிரேம்குமார்தான் போன் செய்தான். குரலே சரியில்லை. பழைய ஃபைலையே எடுத்து, நடுவில் தர்மராஜை நீக்கிவிட்டு அந்த அம்மாவைப் பெரிதாக வைத்திருக்கிறான். அவசரத்தில் எல்லாக் கடையிலும் செய்வதுதான். ஆனால் கீழ் வரிசையில் இருந்த அவருடைய சின்னப் படத்தை எடுக்க மறந்துவிட்டான். தன் சாவுக்குத் தானே கண்ணீர் அஞ்சலி. பேனரைக் கட்டியபிறகுதான் வீட்டுக்காரர்கள் பார்த்துச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

"நாளைக்கு வேற மாட்டப் போறேன். அதுக்குள்ள வந்து ஒருவாட்டி பாருங்க டீச்சர். எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதான்னு பாக்கணும்."

சாயங்காலம் போனேன். வெளிச்சம் இருந்தது. அதே பஸ் ஸ்டாப், அதே இடம்.

பெரிய புஷ்பவல்லி நேராகப் பார்த்தார்.

சின்ன புஷ்பவல்லி மேலே பார்க்கவில்லை.

கீழே பார்த்தார்.

பேனருக்குக் கீழே… ரோட்டோரத்தில்… அன்றைக்கு நான் நின்று படம் எடுத்த இடத்தை.

இன்றைக்கும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு அடி தள்ளி நின்றேன். பிறகு நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

இதற்குப் பிறகும் அந்த ஆய்வேட்டைக் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இரண்டாவது பேனரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. முதல் படத்தை மட்டும் முழுப்பக்கத்தில் வைத்து, அடிக்குறிப்பில் ஒன்பது பெயர்களையும் எழுதி, பைண்டு செய்து அனுப்பினேன். என்னிடம் ஒரு பிரதி இருந்தது.

ஒரு மாதம் கழித்து, பள்ளியில் மதிய இடைவேளையில் அன்பழகன் சார் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

"பாஸ் பண்ணிட்டீங்க. அந்தப் படம் அருமை. ஒரே ஒரு குறை. வரிசையில பத்து பேர் இருக்காங்க. நீங்க ஒன்பது பேர்தான் எழுதியிருக்கீங்க."

"ஒன்பது பேர்தான் சார்."

"வலது ஓரத்துல ஒரு பொண்ணு. கண்ணாடி போட்டிருக்கு. கீழ பேர் இல்ல. அதுவும் மேலதான் பாக்குது. ரெண்டு பேர் பாக்கறதாலதான் ஒத்துக்கிட்டேன். ஒருத்தர்னா தற்செயல்னு அடிச்சிருப்பேன்."

என் பிரதி பையில் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். ஒன்பதுதான். விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது.

"சார், அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

வாட்ஸ்அப்பில் வந்தது. மங்கலாக… சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு தெளிந்தது.

பத்தாவது முகம் என்னுடையது.

உடனே சாரைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், ஆய்வேட்டையே திருப்பிக் கொடுங்கள், டிகிரியே வேண்டாம் என்றேன். அழுதேன்.

"மார்க் போட்டு அனுப்பியாச்சும்மா. இனிமே எதையும் மாத்த முடியாது."

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடம் படித்தவள் நான். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

என் முகத்தின் மேல் ஓரத்தில் வெள்ளையாக ஒரு விளக்கின் பிரதிபலிப்பு இருக்கிறது.

நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆனால் தோலில் இல்லை. தோலுக்கு முன்னால், சட்டம் போட்ட கண்ணாடியின் மேல் வைத்திருக்கிறார்கள். சந்தனம் கொஞ்சம் வழிந்து புருவத்தைத் தாண்டிக் காய்ந்திருக்கிறது.

அது நேரடியாக என்னை எடுத்த படம் இல்லை.

சுவரில் மாட்டிப் பொட்டு வைத்த என் படத்தை, யாரோ திரும்பப் படம் எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இன்னும் இல்லை.