பச்சைக் குடை

தெலுங்கும் உருதும் பேசும் மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் மெட்டில்டாவுக்கு ஊர்களை மேசைமேல் கட்டுவதுதான் வேலை. புறநகரில் எழப்போகும் குடியிருப்பு நகரங்களுக்கு அட்டையில் மாதிரி செய்து தருவாள். நடுவில் கடைவீதி, அதைச் சுற்றி வீடுகள், ஒவ்வொரு பகுதிக்கும் பள்ளியும் பூங்காவும். எல்லாம் முடிந்த பிறகு பஸ் நிறுத்தத்தில், பச்சைக் குடை பிடித்த ஒரு பெண் பொம்மையை ஒட்டுவாள். அதுதான் அவள் கையெழுத்து.

ஒருமுறை ஒரு பஸ்ஸும் செய்து வைத்தாள். வீடு கட்டும் கம்பெனியின் மேனேஜர் ராஜீவ் அதைப் பிய்த்தெடுத்தான்.

"பஸ் நக்கோ மேடம். இங்க வீடு வாங்கறவங்க கார்ல வருவாங்க."

"அப்ப வீட்டு வேலைக்கு வர்றவ பறந்தா வருவா?" என்று சீறினாள். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் பஸ் வைக்கவில்லை.

கச்சிபௌலியைத் தாண்டி அந்த நகரம் கட்டி முடிந்ததும், போய்ப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அட்டையில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. நல்ல காற்று வீசியும் மரங்களில் ஓர் இலை அசையவில்லை. கடைகள் திறந்திருந்தன, உள்ளே ஆளில்லை. பஸ் நிறுத்தத்தில் மட்டும் பச்சைக் குடையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க பஸ் வராதும்மா. என் கேப்ல வந்துடு," என்றாள் மெட்டில்டா.

அந்தப் பெண் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். செருப்பைச் சுற்றித் தரையில் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பிறகு நிமிர்ந்து, மெட்டில்டாவின் வீட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"பஸ்ஸை எப்பக்கா வைப்பீங்க?"